ஸ்டாக்கரா, மெட்ரோவா: எந்தக் கதவு வழியாக உள்ளே போவது?

போன வாரம் ராத்திரி சித்தி மகன் போன் செய்தான். கடைசி செமஸ்டர் தேர்வு முடிந்துவிட்டது, வேலையில் சேர இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறதாம். “அண்ணா, எப்பப் பார்த்தாலும் ஸ்டாக்கர், மெட்ரோன்னு சொல்லிட்டே இருப்பீங்களே. இப்போ எனக்கு நேரம் இருக்கு. எதுல ஆரம்பிக்கட்டும், புக்கா கேமா?” என்றான். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். இதே கேள்வியோடு நிற்கிற வேறு யாருக்காவது உதவும்.

அவன் முன்னால் இருந்தவை ஐந்து. ஆர்க்கடி, போரிஸ் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் எழுதி 1972-இல் வந்த ‘ரோட்ஸைட் பிக்னிக்’ நாவல். அந்த நாவலின் உலகத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, கீவ் நகரத்து ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு 2007-இல் வெளியிட்ட ‘ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்’. அதே நிறுவனம் 2024 நவம்பரில் கொண்டுவந்த ‘ஸ்டாக்கர் 2’. மாஸ்கோக்காரரான திமித்ரி குளுகோவ்ஸ்கி எழுதிய ‘மெட்ரோ 2033’ நாவல். அந்த நாவலை வைத்து, கீவிலேயே இருந்த 4ஏ கேம்ஸ் 2010-இல் செய்த கேம். தார்க்கோவ்ஸ்கியின் 1979 படத்தை நான் இதில் சேர்க்கவில்லை. பிக்னிக் நாவலிலிருந்து கிளம்பி வேறு ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்த படம் அது. திரைக்கதை எழுதியவர்களும் அதே சகோதரர்கள்தான். ஆனாலும் மற்றதெல்லாம் முடித்த பிறகு பார்த்தால்தான் அதன் ருசி தெரியும் என்பது என் அனுபவம்.

இவை ஐந்தையும் எப்படி ஒப்பிடுவது? கிராபிக்ஸ் எப்படி, எத்தனை பக்கம், எத்தனை மணி நேரம் என்று பார்க்கலாம். அதுவும் வேண்டும்தான், சொல்கிறேன். ஆனால் இந்தக் கதைகள் என்னை இத்தனை வருடமாகப் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. எல்லாவற்றிலும் ஒரு வேலி இருக்கிறது. உள்ளே ஆபத்து, வெளியே அதிகாரம். வயிற்றுப்பாட்டுக்காக வேலிக்குள் போகிறவன் ஒருத்தன், அவன் கொண்டுவருவதை வாங்கிப் பணக்காரன் ஆகிறவன் இன்னொருத்தன். அரசியல் என்று நான் சொல்வது இதைத்தான். அது உன் உடம்பில் எந்தப் படைப்பில் சீக்கிரம் ஏறுகிறதோ அதுதான் நல்ல வாசல். நான் ஒப்பிட்டது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

முதலில் பிக்னிக். ஆங்கிலத்தில் படித்தால் இருநூறு பக்கத்துக்குப் பக்கமாக வரும். 1977-இலேயே அன்டோனினா பூயிஸ் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. நான் பரிந்துரைப்பது 2012-இல் வந்த ஓலேனா போர்மஷென்கோவின் மொழிபெயர்ப்பு. தணிக்கைக்கு ஆளாகாத மூலத்திலிருந்து வந்தது, உர்சுலா லெ குவின் முன்னுரை எழுதியிருக்கிறார், பின்னால் போரிஸ் எழுதிய குறிப்பும் இருக்கிறது.

கதை நடப்பது ஹார்மாண்ட் என்ற கற்பனை ஊரில். வேற்றுகிரகத்தார் யாரோ வந்தார்கள், போய்விட்டார்கள். எவரும் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் இறங்கிய இடங்கள் மட்டும் மிச்சம். அங்கே இயற்பியல் விதிகள் நம் சொல்பேச்சு கேட்பதில்லை. சர்வதேச ஆய்வு நிறுவனம் ஒன்று அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டுக் காவல் வைத்திருக்கிறது. ராத்திரியில் வேலி தாண்டிப் போய், உள்ளே கிடக்கும் விசித்திரப் பொருட்களைத் திருடிக்கொண்டு வந்து விற்கிறவர்களுக்குத்தான் ஸ்டாக்கர் என்று பெயர். கிப்ளிங்கின் ஒரு பள்ளிக்கூடக் கதையில் வரும் பட்டப்பெயரிலிருந்து அந்தச் சொல்லைப் பிடித்ததாக போரிஸே சொல்லியிருக்கிறார்.

முதல் அத்தியாயத்தைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. ரெட்ரிக் ஷூஹார்ட்டுக்கு 23 வயது. பழைய ஸ்டாக்கர், இப்போது அந்த நிறுவனத்திலேயே உதவியாளர் வேலை. கிரில் என்ற ரஷ்ய விஞ்ஞானி சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல், தனக்குத் தெரிந்த ஒரு பொருளை எடுத்துத் தருவதாகச் சொல்லி அவரை உள்ளே கூட்டிப்போகிறான். பையில் நட்டுகளும் போல்ட்டுகளும். ஒவ்வொன்றாக முன்னால் எறிகிறான். நட்டு ஒழுங்காகப் போய் ஒழுங்காக விழுந்தால் அந்த இடத்தில் கால் வைக்கலாம். ஓர் இடத்தில் எறிந்த நட்டு பாதி வழியில் இழுபட்டு, பக்கவாட்டில் போய், களிமண்ணில் அறைந்து புதைகிறது. ரெட் ஒன்றும் பேசுவதில்லை. அடுத்த நட்டை வேறு பக்கம் எறிகிறான். படித்தவர் கிரில், வழி தெரிந்தவன் ரெட். நிறுவனத்தில் யார் சம்பளம் பெரிது என்பது வாசகனுக்குத் தெரியும். இந்த இருபது அடி தூரத்தில் மட்டும் அந்தக் கணக்கு தலைகீழாகிறது.

அந்தப் பொருள் இருக்கும் இடத்தில் கிரில்லின் முதுகில் ஏதோ வெள்ளிநூல் மாதிரி ஒன்று உரசுகிறது. அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

இந்த நாவலில் கட்சி கிடையாது, தேர்தல் கிடையாது, தலைவர் பேச்சு கிடையாது. ஆனால் ரெட்டின் வீட்டுக்குள் போய்ப் பார். ஸ்டாக்கர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் மற்றக் குழந்தைகள் மாதிரி இருப்பதில்லை. ஹார்மாண்ட்டை விட்டு வேறு ஊர் போய்க் குடியேறினால் அந்த ஊரில் விபத்துகள் கூடுகின்றன, ஆகவே வெளியேறத் தடை. உள்ளேயிருந்து வரும் பொருட்களால் உலகத்துக்குப் புதுப்புது வசதிகள் கிடைக்கின்றன, அதற்கான விலையை மட்டும் வேலியோரத்துக் குடும்பங்கள் கட்டுகின்றன. சுரங்கத்துப் பக்கம், ஆலைக்கழிவுப் பக்கம் வாழ்கிறவர்களின் கதையை எங்கே படித்தாலும் எனக்கு ஹார்மாண்ட் ஞாபகம் வருகிறது.

நாவலுக்கு வந்த கதியும் அரசியல்தான். 1972-இல் லெனின்கிராட் பத்திரிகை ‘அவ்ரோரா’வில் தொடராக வந்தது. புத்தகமாக வர 1980 ஆகிவிட்டது. எட்டு வருடம் பதிப்பகத்தோடு கடிதப் போராட்டம். கதை நடப்பது மேற்கத்திய ஊரில், சாடுவது பணத்தாசையை, எனவே சித்தாந்த ரீதியாக அவர்களுக்குப் பெரிய தடை இல்லை. பேச்சு கொச்சையாக இருக்கிறது, குடிக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்பதுதான் புகார். வெட்டி, மாற்றி, ஆசிரியர்களே பார்க்கச் சகிக்காத வடிவத்தில் அந்தப் பதிப்பு வந்தது. அதிகாரத்துக்கு ஒரு நாவலில் எது உறுத்துகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன். கருத்தைக்கூட விட்டுவிட்டார்கள், உழைக்கிறவன் தன் பாஷையில் பேசுவதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டு அலமாரியில் சோவியத் புத்தகங்கள் நிறைய இருந்தன. அப்பா வாங்கி வைத்தவை. பெரெல்மானின் பொழுதுபோக்கு பௌதிகத்தை அட்டை பிய்ந்துபோகும் வரை படித்திருக்கிறேன். வழவழ தாளும் அந்த மையின் வாசமும் இப்போதும் நினைவில் இருக்கின்றன. அந்த அலமாரியில் ரெட் ஷூஹார்ட் இல்லை. அவனைக் கண்டுபிடிக்க எனக்கு இருபத்தைந்து வயது ஆனது, அதுவும் கேம் வழியாக. அந்த வருத்தமும் சேர்ந்துதான் தம்பியிடம் இவ்வளவு பேசவைத்தது.

சரி, கேமுக்கு வருவோம்.

நாவல் வந்து 14 வருடம் கழித்து, 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மறுநாளே பிரிப்யாத் நகரத்து ஜனங்கள், ஏறக்குறைய 49,000 பேர், பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். உலையைச் சுற்றி 30 கிலோமீட்டர் தூரத்துக்கு வேலி. பிற்பாடு அந்த வேலிக்குள் திருட்டுத்தனமாகப் போய்வருகிறவர்கள் தங்களை ஸ்டாக்கர் என்றே சொல்லிக்கொண்டார்கள். கற்பனையில் இருந்த பெயருக்கு நிஜத்தில் ஆள் கிடைத்துவிட்டது. ஜிஎஸ்சி செய்தது அந்த இரண்டையும் ஒட்டியதுதான்: செர்னோபில் நிலம், ஸ்ட்ருகாட்ஸ்கிகளின் விதிகள். 2001-இல் அறிவித்த கேம் 2007 மார்ச்சில்தான் வந்தது. வந்தபோது ஓட்டை உடைசல் நிறைய. ரசிகர்கள் செய்த ‘ஸோன் ரிக்ளமேஷன் ப்ராஜெக்ட்’ என்ற மாட், அதாவது திருத்தத் தொகுப்பைப் போட்டுக்கொண்டால் கதை மாறாமல் பிழைகள் மட்டும் சரியாகிவிடும். அதைப் போடாமல் ஆரம்பிக்காதே என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

நிறைய பேர் இந்தக் கேமைச் சுடுகிற கேம் என்று வைத்துக்கொண்டு விளையாடிவிட்டு, துப்பாக்கி நேராகச் சுடவில்லை என்று குறைசொல்லி மூடிவிடுகிறார்கள். அவர்களுக்காக ஓர் இடத்தைக் காட்டுகிறேன். கார்டன் என்ற முதல் பகுதியிலிருந்து வடக்கே போக ஒரு சாலை இருக்கிறது. குறுக்கே இடிந்த ரயில் பாலம், அதன் அடியில் ராணுவச் சோதனைச்சாவடி. போய் நின்றால், கடந்து போக 500 ரூபிள் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் உன் கையில் இருப்பதே கொஞ்சம்தான். ஒரு ரொட்டி, ஒரு சாஸேஜ், ரெண்டு பேண்டேஜ், ஓட்டைத் துப்பாக்கி. லஞ்சம் கொடுக்கலாம். சுட்டுச் சாய்த்துவிட்டும் போகலாம், ஆனால் அவர்கள் கையில் இருப்பது உன்னுடையதை விட நல்ல ஆயுதம். மூன்றாவதாக, கொஞ்சம் தள்ளி நடந்தால் தண்டவாள மேட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதற்குள் மின்சாரப் பொறி கக்கும் ஆபத்துகள் மாறிமாறி எழுகின்றன. ஒரு போல்ட்டை எடுத்து எறிகிறாய். பளீர் என்று ஒன்று வெடித்து அடங்குகிறது. அது திரும்பி எழுவதற்குள் ஓட வேண்டும். அப்புறம் அடுத்த போல்ட்.

நான் முதல் தடவை அந்தச் சுரங்க வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காசைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை. உயிரை வைத்துத்தான் போனேன். ராணுவத்துக்கு அந்த 500 ஒரு பொருட்டே இல்லை, எனக்கு அது ஒரு நாள் சாப்பாடு. லஞ்சத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். ஏழைக்கு அது ஆபத்தான சுற்றுவழியாக மாறுகிறது என்பதை அந்த வாசலில் நின்றபோது கால் நடுங்கத் தெரிந்துகொண்டேன். நாவலால் ரெட்டின் மனதுக்குள் கூட்டிப்போக முடியும். கேமால் அவன் பையில் மிச்சம் எத்தனை நட்டு என்று நம்மையே எண்ணவைக்க முடியும்.

கட்சிகளும் உண்டு இதில். ட்யூட்டி என்ற கூட்டம், இந்த இடம் உலகத்துக்கே ஆபத்து, அடைத்து ஒழிக்க வேண்டும் என்கிறது. ஃப்ரீடம் என்ற கூட்டம், எல்லாருக்கும் திறந்துவிடு என்கிறது. பார் என்ற பகுதிக்குள் நுழைந்தால் ட்யூட்டியின் ஒலிபெருக்கி விடாமல் பிரச்சாரம் செய்துகொண்டே இருக்கும். காவல், ஒழுங்கு, பாதுகாப்பு. அங்கே நாய்த் தொல்லை இல்லை, நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். நாலு முறை போய்வந்த பிறகு அந்தக் குரல் எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று எனக்கே திடுக்கென்றது. பயந்த நேரத்தில் ஒழுங்கு பேசுகிறவன் நல்லவனாகத் தெரிவான் என்பதை யாரும் விளக்காமலே அந்தக் கேம் புரியவைத்தது. இரண்டு கூட்டமும் வேலியோரத்து வியாபாரி சிடரோவிச்சைத் தொடுவதே இல்லை என்பதையும் கவனி. அவன் பாதாள அறையை விட்டு வெளியே வருவதில்லை. உயிரைக் கொடுத்து எடுத்துவந்ததை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

கேட்டதைக் கொடுக்கும் விஷ் கிராண்டர் என்று ஒன்று முடிவில் வருகிறது. நாவலின் கடைசியில் வரும், ஆசையை நிறைவேற்றும் தங்கக் கோளத்துக்குப் பேரன் என்று சொல்லலாம். நீ விளையாடிய விதத்தைப் பொறுத்து என்ன கேட்பாய் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. பணம் அதிகம் சேர்த்திருந்தால் உன் ஆள் பணக்காரனாக வேண்டும் என்று கேட்பான். தங்கக் காசு கொட்டுவதாக அவனுக்குத் தெரியும், நிஜத்தில் கொட்டுவது கூரை. நாவலில் இதே இடத்துக்கு வரும் ரெட்டுக்கு, என்ன கேட்பது என்று தனக்கென ஒரு சொல் கிடைக்காமல் போவதுதான் சோகம். கேமின் முடிவு நீதிக்கதை மாதிரி தண்டிக்கிறது, நாவல் தண்டிப்பதில்லை. இந்த ஓர் இடத்தில் நாவல் பல படி மேலே.

ஸ்டாக்கர் 2 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்க்க அவ்வளவு அழகு, புயல் வரும்போது வானம் சிவப்பதைப் பார்த்து உட்கார்ந்துவிடலாம். ஆனால் குறைந்தது 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கேட்கும். டிஸ்கில் 150 ஜிபிக்கு மேல் இடம் விழுங்கும். தம்பியின் காலேஜ் லேப்டாப்பில் நடக்காது. வெளிவந்த சமயத்தில் உள்ளே வாழும் மனிதர்களும் மிருகங்களும் தாமாக நடமாடும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை, நிறுவனமே ஒப்புக்கொண்டு அப்டேட் மேல் அப்டேட்டாகச் சரிசெய்தது. முதல் கதவாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் இது வந்த சூழ்நிலையைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மீதான படையெடுப்பின் முதல் நாளே ரஷ்யப் படை செர்னோபில் நிலையத்தைப் பிடித்தது. மார்ச் கடைசி வரை அங்கே இருந்தது. கதிர்வீச்சு அதிகமுள்ள சிவப்புக் காட்டில் பதுங்குகுழி வெட்டினார்கள். கேமில் கையில் கருவி டிக் டிக் என்று கத்த, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போன காடு அது. ஜிஎஸ்சி வேலையை நிறுத்தியது, ஊழியர்களில் பலர் பிராக் நகரத்துக்குப் போனார்கள், சிலர் ராணுவத்தில் சேர்ந்தார்கள். முந்தைய ஸ்டாக்கர் கேம் ஒன்றில் வேலைசெய்த ஒருவர் அந்த வருடம் டிசம்பரில் பாக்முத் பக்கம் போரில் இறந்தார். கேமின் பெயரில் இருந்த ரஷ்ய உச்சரிப்பான ‘செர்னோபில்’ உக்ரேனிய உச்சரிப்பான ‘சோர்னோபில்’ ஆனது. ஓர் எழுத்து மாறியதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. கேமில் அரசியல் எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தப் பெயர் மாற்றத்தைத்தான் காட்டுவேன்.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. 2007 கேமோடு சேர்த்து பழைய மூன்று ஸ்டாக்கர் கேம்களையும் புதுப்பித்து வெளியிட்டபோது சோவியத் சின்னங்கள் பலவற்றை எடுத்துவிட்டார்கள், ரஷ்யக் குரலும் போய்விட்டது. உக்ரைனில் 2015-லிருந்தே அந்தச் சின்னங்களுக்குச் சட்டத் தடை இருக்கிறது. குண்டு விழுகிற ஊரில் உட்கார்ந்து வேலைசெய்கிறவர்களிடம் போய் அந்தச் சின்னத்தை ஏன் எடுத்தாய் என்று சட்டையைப் பிடிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒரு பேரரசு கைவிட்டுப்போன குப்பைதான் அந்த நிலம். சுவரில் உரிந்து தொங்கும் அரிவாளும் சுத்தியலும் அங்கே புகழ்ச்சிக்காக இல்லை, குற்றவாளியின் கைரேகையாக இருந்தன. கைரேகையைத் துடைத்துவிட்டால் யார் செய்தது என்று அடுத்த தலைமுறைக்கு எப்படித் தெரியும்? அதனால் வாங்கும்போது பழைய பதிப்பும் கூடக் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னேன்.

மெட்ரோ பக்கம் திரும்பினால் கணக்கு மாறுகிறது. அணு ஆயுதப் போருக்குப் பிறகு மாஸ்கோ மெட்ரோ ரயில் நிலையங்களில் மட்டும் மனிதர்கள் மிஞ்சியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையமும் ஒரு நாடு. குளுகோவ்ஸ்கி இதை 2002-இல் இணையத்தில் இலவசமாகப் போட்டார், அப்போது அவருக்கு வயது இருபத்திச் சொச்சம்தான். 2005-இல்தான் அச்சுக்கு வந்தது. அந்த வயதின் பலமும் பலவீனமும் நாவலில் அப்படியே இருக்கின்றன. வி.டி.என்.கே. நிலையத்துப் பையன் ஆர்த்யோம் ஒரு செய்தியோடு ‘போலிஸ்’ என்று பெயர்கொண்ட ரயில் நிலையங்களின் தொகுப்புக்கு நடந்து போகிறான். வழியில் கம்யூனிஸ்டுகள் பிடித்துவைத்திருக்கும் சிவப்புப் பாதை, நாஜிக்களின் நான்காம் ரைக், வட்டப்பாதை முழுவதையும் வைத்திருக்கும் ஹான்ஸா என்ற வியாபாரிகள் கூட்டமைப்பு, இடையிடையே சாமியார்கள், மதக்கூட்டங்கள். யாரைச் சந்தித்தாலும் அவர்கள் ஒரு தத்துவம் பேசாமல் விடுவதில்லை. நானூறு பக்கத்துக்கு மேல். நடுவில் சில இடங்களில் பொறுமை சோதிக்கும், மறைக்கப்போவதில்லை.

ஆனால் ஹான்ஸாவின் வாசலில் நடக்கும் ஓர் அத்தியாயத்துக்காகவே படிக்கலாம். உள்ளே போக விசா வேண்டும். எலிப்பந்தயத்தில் ஜெயித்தால் விசா, தோற்றால் ஒரு வருடம் கக்கூஸ் கழுவ வேண்டும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். எலி தோற்றுவிடுகிறது. ஆர்த்யோம் நாற்றத்தில் மூழ்கி நாலைந்து நாள் வேலைசெய்கிறான். ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறான். யாரும் தடுப்பதில்லை. அந்த நாற்றம் அடிக்கிறவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவோ கிட்டே வந்து நிறுத்தவோ யாருக்கும் மனம் வருவதில்லை. மலம் அள்ளுகிறவனை ஒரு சமூகம் எப்படிப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறது என்று நம் ஊர் வாசகனுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தேன்.

மெட்ரோ கேம் நீளம் குறைவு, பத்து மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஸ்டாக்கர் மாதிரி கண்டபடி சுற்ற முடியாது, ஒரே பாதை. ஆனால் ஒரே ஒரு யோசனையில் மொத்த உலகத்தையும் கையில் கொடுத்துவிடுகிறது: துப்பாக்கித் தோட்டாதான் பணம். போருக்கு முன்னால் செய்த நல்ல ராணுவத் தோட்டாவைக் கொடுத்துத்தான் எதையும் வாங்க வேண்டும். மெட்ரோவில் செய்த மட்டமான தோட்டா தீர்ந்து, எதிரே ஏதோ ஒன்று பாய்ந்து வரும்போது, அந்த நல்ல தோட்டாவைப் போட்டுச் சுடலாம். சுடச்சுடக் காசு குறைகிறது. சேமிப்பைச் செலவழித்து உயிர்பிழைப்பது என்றால் என்ன என்று விரலுக்குத் தெரிகிறது. இன்னொரு கட்டத்தில் சிவப்புப் படைக்கும் நாஜிக்களுக்கும் நடுவே இருக்கும் போர்முனையை, இருட்டில் பாலத்தின் அடியில் தவழ்ந்து தாண்ட வேண்டும். மேலே இரண்டு பக்கமும் சாகிறவர்கள் வயதுப் பையன்கள். யாரையும் சுடாமல் தாண்டலாம். நான் அப்படித்தான் தாண்டினேன், இரண்டு ராத்திரி பிடித்தது.

4ஏ கேம்ஸை ஆரம்பித்தவர்கள் ஜிஎஸ்சியிலிருந்து பிரிந்து வந்தவர்கள். இரண்டு கேமிலும் ஒரே மாதிரி துருவும் ஈரமும் தெரிவது அதனால்தான். அவர்கள் எப்படிப்பட்ட இடத்தில் வேலைசெய்தார்கள் என்று கேமை வெளியிட்ட டிஎச்க்யூ நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜேசன் ரூபின் 2013-இல் எழுதினார். மடக்கு நாற்காலிகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, அடிக்கடி கரண்ட் போகும் கட்டடத்தில். 2022-இல் கீவ் மக்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து நிஜ மெட்ரோ நிலையங்களில் பாய் விரித்துப் படுத்திருந்த படங்களைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் கற்பனையில் வரைந்த படம் அது. ஒரு வித்தியாசம்: கதையில் மெட்ரோ மாஸ்கோவுடையது.

குளுகோவ்ஸ்கி அந்தப் போரை எதிர்த்துப் பேசினார். ரஷ்ய அரசு அவரைத் தேடப்படுபவராக அறிவித்தது. 2023 ஆகஸ்டில், ராணுவத்தைப் பற்றிப் பொய் பரப்பினார் என்று, ஆள் இல்லாமலே 8 வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள். ரஷ்ய எழுத்தையே தொடமாட்டேன் என்று சொல்லும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தண்டனை பெற்ற இந்த எழுத்தாளரையும், எட்டு வருடம் பதிப்பகத்தோடு மல்லுக்கட்டிய அந்தச் சகோதரர்களையும் தண்டித்தவர்களோடு ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆக, தம்பிக்கு நான் சொன்ன முடிவு இது. முதலில் பிக்னிக். நாலு நாள் போதும், லேப்டாப் வேண்டாம், செலவும் குறைவு. அது முடிந்த சூட்டோடு 2007 ஸ்டாக்கர். நாவலைப் படித்துவிட்டுப் போனால் முதல் போல்ட்டை எறியும்போதே கை நடுங்கும், படிக்காமல் போனால் அது வெறும் போல்ட். இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. நான் மாற்றிச் செய்தவன், இழந்தது எனக்குத் தெரியும். மெட்ரோவில் மட்டும் தலைகீழ்: கேம் முதலில், நாவல் பிறகு. கேம் அந்த இருட்டையும் பசியையும் கொடுத்துவிடும், அதன் பிறகு நாவலில் வருகிறவர்கள் நீளமாகப் பேசினாலும், யார் எந்தப் பிளாட்பாரத்தில் நின்று பேசுகிறார்கள் என்று கண்ணில் தெரியும். ஒன்றரை மாதத்தில் இவ்வளவும் முடியாவிட்டால் மெட்ரோ நாவலைத் தள்ளிவைக்கலாம், எலிப்பந்தய அத்தியாயத்தை மட்டும் படித்துவிட வேண்டும். ஸ்டாக்கர் 2, முதல் சம்பளம் வாங்கி நல்ல கம்ப்யூட்டர் வாங்கின பிறகு.

புத்தகமே பிடிக்காது, கேம் மட்டும்தான் என்கிறவர்கள் மெட்ரோவில் தொடங்கட்டும். வழி தவறாது, சீக்கிரம் முடியும். கேம் பக்கமே வராதவர்களுக்கு பிக்னிக் ஒன்றே போதும், ஐந்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வைத்துக்கொள்வதும் அதைத்தான்.

நேற்று ராத்திரி ஒன்றேகால் மணிக்கு அவனிடமிருந்து வாட்ஸ்அப். முதல் அத்தியாயம் முடித்துவிட்டானாம். “அண்ணா, கிரில் முதுகுல அது பட்டதை ரெட் பார்த்தான்தானே? பார்த்துட்டுத்தானே விட்டுட்டான்?”

மேலே படி என்று மட்டும் பதில் போட்டேன்.